பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளிர்காலக் கோட்டு: நிறுவனத் தன்னார்வலர்கள் வழங்கும் ஒரு சேவையின் மதிப்பீடு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பது நம் வழக்கம். பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் அந்தத் தானத்தைப் பெறுவது ஏழு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது, கொடுக்கிறவர்களில் ஒருவராவது பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் கிடைத்த கோட்டின் ஜிப் சிக்குகிறது என்றோ, கை குட்டையாக இருக்கிறது என்றோ அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லப்போவதில்லை. நிறுவனங்கள் பணம் கொடுத்து, ஒரு தொண்டு அமைப்பின் வழியாகப் புதிய குளிர்காலக் கோட்டுகளை வரவழைத்து, தங்கள் ஊழியர்களையே தன்னார்வலர்களாகப் பள்ளிக்கு அனுப்பி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வழங்கும் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. நான் வேலை பார்க்கும் நிறுவனம் இந்தச் சேவையைச் சில குளிர்காலங்களாகப் பயன்படுத்திவருகிறது. பெட்டிகளைப் பிரிப்பது முதல் பிள்ளைகளுக்கு அளவு பார்ப்பது வரை எல்லா வேலைகளிலும் இருந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் மனிதவளத் துறையிலிருந்து இப்படியொரு அழைப்பு வந்திருந்தால், பெயர் கொடுப்பதற்கு முன்பு எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

சேவை நடக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்குகிறது. தொண்டு அமைப்பு மொத்தமாகக் கோட்டுகளைத் தைக்கச் சொல்லியோ வாங்கியோ வைத்திருக்கிறது. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்பதைப் பள்ளி நிர்வாகத்தோடு பேசி முடிவு செய்கிறது. குறித்த நாளுக்கு முன்பாக அட்டைப்பெட்டிகள் பள்ளிக்கு வந்து சேர்கின்றன. ஊழியர்கள் அவற்றைப் பிரித்து, அளவுவாரியாகவும் நிறவாரியாகவும் அடுக்கி, பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரும்போது கூடவே இருந்து அணிவித்துப் பார்த்து அனுப்புகிறார்கள். இதற்கு முன்மாதிரி என்று சொல்லத்தக்கது அமெரிக்காவின் ஆபரேஷன் வார்ம் அமைப்பு. 1998-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் டிக் சான்ஃபோர்ட் என்பவர், கோட்டு இல்லாமல் குளிரில் நின்ற பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு, கடையில் இருந்த 58 புதிய கோட்டுகளை வாங்கிக் கொடுத்ததிலிருந்து அது தொடங்கியது. இதற்கு முன்பே, 1992-இல், சான் பிரான்சிஸ்கோவில் ஒன் வார்ம் கோட் என்ற முயற்சி தொடங்கியிருந்தது. அது மக்கள் வீடுகளில் மீந்திருக்கும் கோட்டுகளைத் திரட்டித் தேவைப்படுவோருக்குத் தரும் வழி. புதிதாகத் தைத்துத் தருவது, இருப்பதைத் திரட்டித் தருவது என்ற இந்த இரண்டு வழிகளும் இன்றும் பக்கம் பக்கமாக இயங்குகின்றன. எங்கள் நிறுவனம் தேர்ந்தது முதல் வழியை.

கோட்டு என்ற ஒரு உடுப்புக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று குளிரில் வளராதவர்களுக்குத் தோன்றலாம். சட்டை, காலுறை போல அதைச் சில்லறைக் காசில் வாங்கிவிட முடியாது. பிள்ளையின் உடைகளில் விலை கூடியது அதுதான், ஆண்டுதோறும் அளவு மாறுவதும் அதுதான். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் விரைவாகச் சூட்டை இழக்கும், ஏனென்றால் உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு அதிகம். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து அவர்களுடைய குளிரை அளக்கவும் முடியாது. 2001 முதல் அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் கணக்கீட்டின்படி, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், வெற்றுத் தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போல உறைக்கும். அதே காற்றில் வெப்பநிலை இன்னும் 10 டிகிரி இறங்கினால், உணரும் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 33-ஐத் தொடும். மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடிய நிலை அது. பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் இடைவேளையில் மைதானத்தில் நிற்கும் நேரமும் சேர்ந்தால் அந்தக் கணக்குக்குள் எளிதில் வந்துவிடும்.

ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டால் இதன் இன்னொரு பக்கம் தெரியும். கோட்டு இல்லாத பிள்ளை "எனக்கு இல்லை" என்று சொல்வதில்லை. "எனக்குக் குளிரவில்லை" என்றுதான் சொல்லும். இடைவேளை மணி அடித்ததும் வயிறு வலிக்கிறது என்று வகுப்பிலேயே தங்கிவிடும். அண்ணனும் தம்பியும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதும், அதனால் ஒருவன் வந்த நாளில் மற்றவன் வராமல் போவதும் நடக்கிறது என்று ஓர் ஆசிரியை எங்களிடம் சொன்னார். ஆகவே இந்தச் சேவை பிள்ளையின் குளிரைப் போக்கினால் மட்டும் போதாது. தன்னிடம் இல்லை என்பதை மறைக்க அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் சிரமத்தையும் அது போக்க வேண்டும். ஒரு பிள்ளை அந்த அறையைவிட்டு வெளியேறும்போது, கோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிள்ளையாகப் போகிறதா, இரக்கத்துக்கு ஆளான பிள்ளையாகப் போகிறதா? இந்தச் சேவையின் ஒவ்வொரு அங்கத்தையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

இனி கோட்டுக்கு வருகிறேன். வெளித்துணி நீர் ஒட்டாத பூச்சுள்ள நைலான். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. வாத்து இறகு அடைத்த கோட்டு இதைவிட எடை குறைவாகவும் கதகதப்பாகவும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நனைந்தால் இறகு கட்டிபட்டு உப்பலை இழந்துவிடும், உலர நெடுநேரம் பிடிக்கும். பனியில் உருளும் பிள்ளைக்கு, நனைந்த பிறகும் ஓரளவு சூட்டைத் தாங்கும் பாலியஸ்டரே பொருத்தம். வீட்டிலேயே சலவை இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாம் என்பதும் அதே அளவு முக்கியம். உலர்சலவைக்குக் கொடுத்தாக வேண்டிய கோட்டு, அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு செலவை இழுத்துவிடும். இந்தத் தேர்வில் தொண்டு அமைப்பு யோசித்துத்தான் செய்திருக்கிறது.

ஜிப்பைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பற்கள் பெரியவை, இழுப்புப் பட்டை நீளமானது. கையுறை போட்ட கையாலும் பிடித்து இழுக்க முடிகிறது. மேல் முனையில், தாடையில் இடிக்கும் இடத்தில், ஜிப்பின் தலையை மூடுவதற்கு ஒரு சிறு துணிமடிப்பு இருக்கிறது. பெரியவர்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை கோட்டைக் கழுத்துவரை மூடுவதா, பாதியில் விட்டுவிடுவதா என்பதை அந்த மடிப்புதான் முடிவு செய்கிறது. மணிக்கட்டில் பின்னல் பட்டி உள்ளேயும் வெளிக்கை அதற்கு மேலேயும் வருவதால் காற்று ஏறுவதில்லை. கழுத்திலோ தலைமூடியிலோ இழுகயிறு இல்லை என்பதையும் ஒவ்வொரு பெட்டியிலும் பார்த்துக்கொண்டேன். இழுகயிறு சறுக்குமரத்திலோ பேருந்துக் கதவிலோ மாட்டிப் பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, 2011-இல் அப்படிப்பட்ட குழந்தைகள் மேலுடையைப் பெருந்தீங்கு விளைவிக்கும் பொருளாகவே அறிவித்தது. பழைய கோட்டுகளைத் திரட்டும் இடங்களில் இந்தக் கயிறுகள் இன்னும் தட்டுப்படலாம் என்பதால், அங்கே வேலை செய்பவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து உருவிவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. முதல் குறை, ஒளியை எதிரொளிக்கும் பட்டை எங்கும் இல்லாதது. குளிர்காலத்தில் பள்ளி விடும் நேரத்துக்குள்ளேயே வெளிச்சம் மங்கிவிடும் ஊர்களில், கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு சாலையைக் கடக்கும் பிள்ளையை வண்டியோட்டி பார்ப்பது கடினம். முதுகிலும் கையிலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு அந்தப் பட்டையை வைத்துத் தைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அடுத்தது கையின் நீளம். பிரித்துவிட்டால் சற்று நீளும்படி உள்மடிப்பு வைத்துத் தைக்கும் கோட்டுகள் சந்தையில் இருக்கின்றன. எங்களுக்கு வந்தவற்றில் அது இல்லை. ஒரு குளிர்காலத்துக்குப் பதில் இரண்டு குளிர்காலம் உழைக்க வேண்டிய உடுப்பில் இது விடக்கூடாத வசதி. மூன்றாவது, கோட்டோடு கூட வந்திருக்க வேண்டிய ஒரு துண்டுத்தாள் வராதது. தடித்த கோட்டோடு காரின் குழந்தை இருக்கையில் பிள்ளையை உட்காரவைத்து வாரைப் பூட்டக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் எச்சரிக்கிறது. மோதலின்போது பஞ்சு நசுங்கி, இறுக்கமாகத் தெரிந்த வார் தொளதொளத்துவிடும். கோட்டைக் கழற்றி, வாரைப் பூட்டி, அதற்கு மேல் கோட்டைப் போர்த்திவிட வேண்டும் என்று பெற்றோருக்கு அவர்கள் படிக்கும் மொழியில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் போதும்.

கோட்டின் உட்புறம், கழுத்துக்குக் கீழே, பெயர் எழுதுவதற்கென்று ஒரு வெள்ளைத் துணிப்பட்டை தைத்திருக்கிறார்கள். நான் இந்தச் சேவையில் மிகவும் மதிப்பது அதைத்தான். கோட்டைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் பிள்ளை ஒரு மேசைக்கு வருகிறது. அழியாத மையுள்ள பேனாவைக் கொடுத்து, எழுதத் தெரிந்தால் அதையே எழுதச் சொல்கிறோம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைச் சற்று மேலே ஏற்றி எழுதினாள். பிறகு மை உலர்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டவில்லை என்பதை எனக்கும் காட்டினாள். அதுவரை பெட்டியில் வந்த சரக்காக இருந்த கோட்டு அதற்குப் பிறகு அவளுடையது. இன்னொருவருடைய பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுத வேண்டிய நிலை அவளுக்கு வரவில்லை. பழைய கோட்டுகளைத் திரட்டித் தருவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு, திடீரென்று வீடிழந்தவர்களுக்கு, அதுதான் விரைவான வழி. ஆனால் தனக்கென்று வாங்கிய புதுத்துணியை அரிதாகவே கண்ட பிள்ளைக்கு, இன்னும் மடிப்புக் கலையாத கோட்டைக் கொடுப்பதில் உள்ள மரியாதை வேறு.

வழங்கும் அறையின் அமைப்பு, இந்தச் சேவையை நடத்துகிறவர்களின் மனத்தைக் காட்டிவிடும். நாங்கள் சென்ற பள்ளிகளில் இரண்டு விதமான ஏற்பாடுகளைப் பார்த்தேன். ஓரிடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, அளவு எழுதிய பையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்பினோம். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் பையைத் திறந்து நிறத்தைப் பார்த்த சில முகங்கள் வாடியதையும் பார்த்தோம். அடுத்த ஆண்டு, இன்னொரு பள்ளியில், நூலகத்தையே துணிக்கடையாக மாற்றினோம்: தாங்கிகளில் கோட்டுகள், எட்டும் உயரத்தில் மாட்டிகள், பிள்ளைகள் தங்களை முழுதாகப் பார்த்துக்கொள்ள இரண்டு நிலைக்கண்ணாடிகள். அளவு நாங்கள் பார்த்தோம், நிறம் அவர்கள் பார்த்தார்கள். ஒரு பையன் சிவப்பைப் போட்டான், பச்சையைப் போட்டான், மறுபடியும் சிவப்பைப் போட்டான். இரண்டு சட்டைப்பைகளிலும் கையை முழங்கைவரை விட்டு ஆழம் பார்த்தான். கண்ணாடி முன் ஓடுவதுபோல நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தான். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு நீலத்தை எடுத்துக்கொண்டான். அவனுக்கு மட்டும் மற்றவர்களைவிட நாலைந்து மடங்கு நேரம் பிடித்தது. அந்த நேரம் வீணானது என்று அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நாம் கொண்டாடுவது, கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிய அந்த வேகத்துக்காக. மயிலிடம் அவன் எதையும் கேட்கவில்லை; கேட்கவும் முடியாது. பிள்ளையிடம் கேட்க முடியும், ஆகையால் கேட்டே ஆக வேண்டும். பையில் போட்டுக் கொடுக்கும் முறையையும் கடை முறையையும் ஒரே தொண்டு அமைப்பு ஒரே தொகைக்கு நடத்தித் தருகிறது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நிறுவனமும் பள்ளியும்தான். நேரம் மிச்சம் என்பதற்காக முதல் முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

தன்னார்வலர்களைப் பற்றியும் பேச வேண்டும். எங்களோடு வந்த ஊழியர்களில் பெரும்பாலோர் மனமுவந்து வந்தவர்கள். பெட்டி தூக்குவதற்கும் அட்டைகளை மடித்துக் கட்டுவதற்கும் மேலாளர், பயிற்சிநிலை ஊழியர் என்ற வேறுபாடில்லாமல் நின்றார்கள். முதல் ஆண்டு பயிற்சி எதுவும் இருக்கவில்லை. அதன் விளைவாக, "ஐயோ பாவம், இவ்வளவு மெல்லிய சட்டையோடவா வந்தே?" என்று பிள்ளையின் காதுபடவே ஒருவர் கேட்டதும், அனுமதி கேட்காமல் இன்னொருவர் பிள்ளையை அணைத்துக்கொண்டதும் நடந்தன. இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை, ஆனால் அந்த அன்பு பிள்ளைக்குச் சுமையானது. பின்னர் பள்ளியின் ஆலோசகர் அரைமணி நேரம் எங்களை உட்காரவைத்துச் சொன்னவை இன்றுவரை எனக்கு உதவுகின்றன. மண்டியிட்டுப் பிள்ளையின் கண்ணளவுக்கு வாருங்கள், "நான் ஜிப்பைப் போட்டுவிடட்டுமா, நீயே போடுகிறாயா?" என்று கேளுங்கள்; வீட்டைப் பற்றி, அப்பா அம்மா வேலையைப் பற்றி ஒன்றும் விசாரிக்காதீர்கள்; நன்றி சொல்லும்படி தூண்டாதீர்கள்; சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகளும், கழுத்துப்பட்டை உறுத்தினால் தாங்க முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களைக் கூட்டம் குறைந்த வேளையில் அழைத்துவருகிறோம். இந்தப் பயிற்சியைத் தொண்டு அமைப்பே சேவையின் ஒரு பகுதியாகத் தந்திருக்க வேண்டும். தராதது பெரிய குறை.

தன்னார்வலர்கள் உண்மையிலேயே தேவையா என்று நிறுவனத்துக்குள் சிலர் கேட்டார்கள். அந்த ஊழியர்களின் ஒரு நாள் சம்பளத்துக்கும் சேர்த்துக் கோட்டு வாங்கிவிடலாமே என்பது அவர்கள் வாதம். பாதி சரி. பெட்டி பிரித்து, அளவுவாரியாக அடுக்கி, தாங்கிகளில் மாட்டுவது ஏகப்பட்ட ஆள்பலம் கேட்கும் வேலை, பள்ளி ஊழியர்களால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. வழங்கும் நேரத்திலோ கூட்டம் குறைவாக இருப்பதே நல்லது. ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்குக்கு மேல் ஆள் நின்றால், மிச்சமிருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். முந்தின நாள் மாலையில் பெரிய குழு, வழங்கும் நாளில் சிறிய குழு என்று பிரித்துக்கொண்டபோது எல்லாம் சீராக நடந்தது.

படம் எடுப்பது இந்தச் சேவையின் மிகப் பலவீனமான இடம். நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்குப் படங்கள் வேண்டும். சமூகப் பொறுப்பு அறிக்கையில் போட வேண்டும், ஊழியர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். முதல் ஆண்டு, நிறுவனத்தின் பெயர் பொறித்த பதாகை முன்னால் பிள்ளைகளைப் புதுக் கோட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பெற்றோரின் கையெழுத்து வாங்கியிருந்ததால் விதிமுறைப்படி அதில் தவறில்லை. ஆனாலும், கோட்டு கிடைக்கும் என்ற தாளோடு படத்துக்கான ஒப்புதல் தாளும் சேர்ந்து வீட்டுக்குப் போகும்போது, ஒன்றில் கையெழுத்துப் போட்டு மற்றதில் மறுக்கும் துணிவு எத்தனை பெற்றோருக்கு வரும்? அந்தப் படம் பல ஆண்டுகள் கழித்தும் தேடினால் கிடைக்கும். ஐந்தாம் வகுப்பில் இலவசக் கோட்டு வாங்கியவன் என்பதை அவனுடைய கல்லூரித் தோழர்கள் பார்க்க வேண்டிய தேவை என்ன? நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக் கொடுத்ததன் பேரில், இப்போது தாங்கியில் தொங்கும் கோட்டுகளையும், அடுக்கி முடித்த பெட்டிகளையும், வேலை செய்யும் ஊழியர்களையும் மட்டுமே படம் எடுக்கிறார்கள். அதுவும் பிள்ளைகள் வருவதற்கு முன்பு. அறிக்கைக்கு அது போதுமானதாகவே இருந்தது. கோட்டின் வெளிப்புறத்தில் நிறுவனத்தின் சின்னம் எதுவும் பொறிக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இதில் தொண்டு அமைப்பு உறுதியாக நின்றது, அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு பள்ளியினுடையது. ஆனால் அதன் விளைவை அறையில் நிற்கும் நாம்தான் பார்க்கிறோம். தேவைப்படுவோரை மட்டும் வகுப்பிலிருந்து பெயர் சொல்லி அழைத்தால், எதற்கு அழைக்கிறார்கள் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகள் வசதியற்றவையாக உள்ள பள்ளியில், வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுவதே மேல். வசதியுள்ள சில பிள்ளைகளுக்கும் கோட்டு போய்ச் சேரலாம், ஆனால் யாருடைய வறுமையும் அம்பலமாவதில்லை. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகள் குடும்பந்தோறும் விண்ணப்பம் வாங்காமல் எல்லா மாணவர்களுக்கும் இலவச மதிய உணவு தர வழி ஏற்பட்டது; அந்த ஏற்பாட்டிலும் பிள்ளைகளைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. தேவை சிலருக்கு மட்டுமே உள்ள பள்ளியில் நிகழ்ச்சி என்று ஒன்றே வேண்டாம். ஆலோசகரிடம் கோட்டுகளைக் கொடுத்துவிட்டு நாம் விலகிக்கொள்ளலாம். பள்ளி முடிந்த பிறகு பெற்றோரும் பிள்ளையுமாக வந்து எடுத்துப்போகும் மாலைநேர ஏற்பாடு இன்னும் சிறந்தது என்று நான் நினைக்கிறேன். தன் பிள்ளைக்குக் கோட்டு தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வாய்ப்பு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கிடைக்க வேண்டியது, முன்பின் தெரியாத அலுவலக ஊழியருக்கு அல்ல. இரவு வேலைக்குப் போகும் பெற்றோரால் வர முடியாது என்பதால் இதை மட்டுமே நம்பவும் இயலாது.

அளவு விஷயத்தில் சேவை எங்களை ஏமாற்றியது. வகுப்பைப் பார்த்துச் சராசரி அளவை ஊகித்து அனுப்புகிறார்கள். ஒரே வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் இருவருக்கிடையே நான்கு அளவு வேறுபாடு இருக்கும் என்பது அந்த ஊகத்தில் அடங்குவதில்லை. பெரிய அளவுகள் முதலில் தீர்ந்துவிட்டன. ஐந்தாம் வகுப்பில் உயரமான, சற்றுப் பருத்த பிள்ளைகள் தங்களுக்குச் சேரும் கோட்டு ஒன்றுகூட இல்லை என்று அறிந்து நின்ற காட்சி, அந்த நாளின் எல்லா மகிழ்ச்சியையும் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. உடலைப் பற்றிக் கேலி கேட்டுப் பழகிய பிள்ளைகள் அவர்கள்தான். ஆறு வாரத்தில் மாற்றுக் கோட்டு அனுப்புகிறோம் என்று தொண்டு அமைப்பு சொன்னது, அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த ஆறு வாரம்தான் குளிர்காலத்தின் உச்சம். சட்டை அளவை எழுதிக் கேட்கும் ஒரு தாளை ஒரு மாதம் முன்பே வகுப்பாசிரியர்கள் வழியாக வீடுகளுக்கு அனுப்பினால் தீரக்கூடிய பிரச்சினை இது. உள்ளே ஸ்வெட்டர் போடுவதற்கும் வளர்வதற்கும் இடம் விட்டு ஒரு அளவு கூட்டியே கணக்கிட வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே சொல்லிவிடலாம்.

வழங்கிய காலமும் சரியில்லை. நிறுவனங்களுக்கு ஆண்டிறுதி ஈகைக்குரிய பருவம். நிதியாண்டுக் கணக்கும் அதற்கேற்ப இருக்கும். குளிர் அதற்கு வெகுமுன்பே வந்துவிடுகிறது. டிசம்பர் நடுவில் கோட்டு கொடுத்தால், அதற்குள் பிள்ளை பல வாரம் நடுங்கியிருக்கும், அல்லது அந்தக் குடும்பம் வாடகைக் காசிலிருந்து எடுத்து எதையோ வாங்கியிருக்கும். அக்டோபர் முதல் பாதிக்குள் வழங்கி முடிக்க வேண்டும். அதற்குக் கோடையிலேயே ஒப்பந்தம் ஆக வேண்டும்.

கோட்டுக்குப் பதில் பெற்றோரிடம் பணமாகவோ கடைச்சீட்டாகவோ கொடுத்துவிடலாமே என்ற கருத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. எது வேண்டும் என்பது பெற்றோருக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தன்மானமும் காக்கப்படும். ஆனால் மொத்தமாகத் தைக்கும்போது ஒரு கோட்டுக்கு ஆகும் செலவில், அதே தரமுள்ள ஒன்றைக் கடையில் வாங்க முடியாது. பருவத்தின் நடுவில் கடைகளில் பிள்ளைகள் அளவு கிடைப்பதும் அரிது. வண்டி இல்லாத குடும்பத்துக்குக் கடைக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலை. ஆகவே கோட்டைப் பொருளாகத் தருவதையே ஆதரிக்கிறேன். காலணி, கையுறை போன்றவற்றுக்குச் சீட்டு தருவது பொருத்தமாக இருக்கும். கையுறையை எங்கள் சேவை தரவேயில்லை. கதகதப்பான கோட்டு போட்டுக்கொண்டு சிவந்த விரல்களோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, ஊழியர்களே சேர்ந்து கையுறை வாங்கிக் கொடுத்தோம். கோட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை அது. சேவைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கோட்டுக்கு நான்கு, அளவு ஏற்பாட்டுக்கு இரண்டு, பெயர்ப்பட்டைக்கும் கடை முறைக்கும் முழு ஐந்து கொடுப்பேன். குறைகள் இருந்தும் சக ஊழியர்கள் எல்லாரையும் இதில் சேரச் சொல்கிறேன். சேரும்போது, வழங்கிய பிறகு என்ன என்ற கேள்வியை அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் சேவையில் அதற்கு விடை இருக்கவில்லை; மீந்த கோட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். குளிர்காலம் முழுக்கப் புதிய பிள்ளைகள் பள்ளியில் வந்து சேர்ந்துகொண்டேயிருப்பார்கள், கோட்டுகள் தொலையும், ஜிப் கழன்றுவிடும். இப்போது ஒவ்வோர் அளவிலும் சில கோட்டுகளைப் பள்ளி அலுவலகத்தின் அலமாரியில் விட்டுவிட்டு வருகிறோம். சாவி ஆலோசகரிடம் இருக்கிறது. யார் எடுத்தார்கள் என்ற பட்டியலை எங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்றும், எந்த அளவு தீர்ந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றும் பள்ளியிடம் தெரிவித்துவிட்டோம். அந்தக் கணக்கை வைத்தே அடுத்த ஆண்டுக்கான கோட்டுகளுக்குச் சொல்லி வைக்கிறோம்.